மேற்படி என்று நான் எழுதிய இடம்

"சார், மேடத்த இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. ரெண்டு பேரும் சிரிங்க."

போட்டோகாரர் இப்படிச் சொன்னதும் நாச்சிமுத்து அண்ணன் அரை அடி என் பக்கம் நகர்ந்தார். நான் அரை அடி அந்தப் பக்கம் நகர்ந்தேன். போட்டோகாரர் அலுத்துப்போய், நாங்கள் நின்றபடியே எடுத்துக்கொண்டார்.

திருப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்து மேடை அது. முதல் நாள் நடந்த கல்யாணத்தின் சம்பங்கி வாசனை இன்னும் போகவில்லை. எங்கள் இருவர் தோளிலும் சால்வை. ஊர் உலகத்துக்கெல்லாம் பருத்தி பனியன் தைத்து அனுப்புகிற ஊரில் எனக்குப் போட்ட சால்வை பாலியஸ்டர். கழுத்தில் அரித்தது. கையில் கேடயம் இருந்ததால் சொறிந்துகொள்ளவும் வழியில்லை.

நீடித்த வேளாண்மைக்கு வழிகாட்டிய உழவர்களையும் ஆசிரியர்களையும் பாராட்டும் விழா. நகரத்துச் சேவைச் சங்கம் ஒன்று நடத்தியது. ஓர் உழவர், அவருடைய நிலத்தை வைத்து மாணவர்களுக்குப் பாடம் சொன்ன ஓர் ஆசிரியர் என்று இரண்டிரண்டு பேராக மேடைக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் நான்காவது.

ஆசிரியர் நான்தான். அதில் பொய் இல்லை. என் பக்கத்தில் உழவர் என்று நின்ற நாச்சிமுத்து அண்ணன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மேய்ச்சல் நிலமான தன் காட்டுக்குள் அவர் கால் வைத்துப் பதினைந்து வருடமாவது ஆகியிருக்கும். அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய மனைவி மயிலாத்தாக்கா. அவர் கீழே பெண்கள் பக்கம் உட்கார்ந்து எங்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

இது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் இந்த வாரப் பகுதி. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. ஆனால் நினைவுகளை எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ஜெயித்ததை மட்டும் எழுதினால் அதற்குப் பெயர் வேறு.

மரியாதையான ஊர்

நான் சாத்தான்குளம் பக்கத்துக்காரி. தாவரவியல் படித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, காத்திருந்து காத்திருந்து, காதோரம் நரைத்த பிறகுதான் அரசு வேலை வந்தது. காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் போட்டார்கள். ஊர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் யாராவது இந்தப் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்பார்கள். வருடமும் துல்லியமாக நினைவில்லை. எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்து, திருடு போய்விடும் என்று தலைமையாசிரியர் அதை அட்டைப்பெட்டியோடு பூட்டி வைத்திருந்த காலம்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்த ஊரில் அதையும் மரியாதையாகத்தான் விசாரித்தார்கள். "ஏனுங்க டீச்சர், உங்கூட்டுக்காரரு எங்கீங்க வேல செய்யறாரு?" என்பார்கள். அப்படி ஒருவர் இல்லை என்றதும் "அப்புடீங்களா" என்று சொல்லி, இன்னும் கூடுதல் மரியாதையோடு விலகிப்போவார்கள். எங்கள் ஊரில் என்றால் "ஏன்ளா கெட்டல?" என்று முகத்துக்கு நேரே கேட்டு, இரண்டு நாள் சண்டை போட்டு, மூன்றாம் நாள் மீன்குழம்பு கொடுத்து விடுவார்கள். வெறும் மரியாதையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வாள்?

லைன் வீட்டில் ஒரு போர்ஷனில் குடியிருந்தேன். இரண்டு பக்கமும் கம்பெனிக்குப் போகிற குடும்பங்கள். காலையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தால் லைன் மொத்தமும் காலியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் துணி துவைப்பார்கள், மிச்ச நேரம் தூங்குவார்கள். பாவம், வாரம் பூராவும் நின்றுகொண்டே வேலை செய்தவர்கள். நான் தாராபுரம் சர்ச்சுக்குப் போய்வந்தால் அரை நாள் ஓடிவிடும். மிச்ச அரை நாளைத் தள்ளுவதுதான் மலையாக இருக்கும். பேச ஆள் இல்லாமல் பாடப் புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசித்த நாட்களும் உண்டு.

போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு என் தம்பி போன் செய்தான். "யக்கா, ஒனக்கு அங்க அவ்வளவு கஷ்டம்னா எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா?" என்று கோபித்துக்கொண்டான். அந்த நாட்களில் வாரம் தவறாமல் பூத்துக்குப் போய் அவனுக்குப் போன் செய்துகொண்டுதான் இருந்தேன். நல்லா இருக்கேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

சண்டையில் தொடங்கியது

மயிலாத்தாக்காவை முதலில் பார்த்தது சண்டைக்குப் போன இடத்தில். பள்ளியில் மரம் நடும் விழா நடத்தி, வரிசையாகப் புங்கன் கன்றுகள் வைத்திருந்தோம். ஒரு வாரத்தில் ஆடுகள் புகுந்து மொட்டையடித்துவிட்டன. யார் ஆடு என்று விசாரித்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க ஒரு மைல் நடந்து போனேன். என்னுடைய கோபம் அப்போது ஊரறிந்தது. பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இன்னொரு வாரம் சொல்கிறேன்.

ஐம்பதை ஒட்டிய வயது, மெலிந்த உடம்பு, தலையில் சும்மாட்டுத் துணி. வேலியோரம் நின்று நான் கத்தியதை முழுவதும் கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "வெயில்ல வந்திருக்கறீங்க. சித்த உக்காருங்க, மோரு கொண்டாறேன்" என்றார். மோரைக் கையில் கொடுத்த பிறகுதான் வழக்குக்கு வந்தார்.

"வேலி வெக்காம செடி வெச்சுப்போட்டு ஆட்டத் திட்டுனா என்னங்க பண்றது? ஆட்டுக்குத் தெரியுமுங்களா, இது கெவர்மெண்டு செடின்னு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஊருக்கு வந்து இரண்டு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

மறுநாள் அவர் ஒரு கட்டுக் குச்சியோடு பள்ளிக்கு வந்தார். மொட்டைக் குச்சிகள், இலை கூட இல்லை. கடப்பாரையால் குத்தி நெருக்கமாக நட்டார். செத்த குச்சியை நட்டு என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். "கிளுவைங்க அது. சாவாது" என்றார். முதல் மழைக்கு எல்லாக் குச்சியும் துளிர்த்தது. தாவரவியல் பட்டதாரி நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என்னை அவர் டீச்சர் என்று கூப்பிடவில்லை. அம்மிணி என்றார். அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைகளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாற்பத்திரண்டு வயதில் என்னை அப்படிக் கூப்பிட ஓர் ஆள் கிடைத்தது.

நாலு துண்டுக் காடு

அவருடைய நிலத்தைக் கொறங்காடு என்பார்கள். கிணற்றுப் பாசனம் கிடையாது, ஏர் பூட்டுவது கிடையாது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். ஆடுமாடு மேய்வதற்கென்றே வளர்க்கிற நிலம். சும்மா கிடக்கிற பொட்டல் என்றுதான் நானும் பஸ்ஸில் போகும்போது நினைத்திருந்தேன்.

சும்மா ஒன்றும் கிடக்கவில்லை. நிலத்தை வேலியால் நாலு துண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு துண்டில் ஆடு மேய்ந்தால் மற்றவை அடைத்துக் கிடக்கும். அடைத்த துண்டில் புல் பூத்து, கதிர் பழுத்து, விதை தானாக உதிர வேண்டும். உதிர்ந்த பிறகுதான் வாசல் படலைத் திறக்கலாம். ஒரு வாரம் முந்தித் திறந்தால் ஆடு கதிரைத் தின்றுவிடும், அடுத்த மழைக்கு அங்கே புல் இருக்காது. எந்தத் துண்டை எப்போது திறப்பது என்பதுதான் மொத்த வித்தையும். மயிலாத்தாக்கா ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதிப் பார்ப்பார். "இன்னும் எட்டு நாளு" என்பார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் சொல்கிற நாளில்தான் படல் திறந்தது.

நாச்சிமுத்து அண்ணனிடம் ஏதாவது கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவார். "காட்டு விசயம் அவகிட்டக் கேளுங்க டீச்சர். எனக்குத் துணியில எத்தன பீஸ் வெட்டலாம்னு கேளுங்க, சொல்றேன்." நல்ல மனிதர். வெள்ளைச் சட்டை கசங்காமல் வேனில் ஏறிப் போய், கசங்காமல் வந்து இறங்குவார்.

சனிக்கிழமைகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புல்லையும் பூண்டையும் காயவைத்து நோட்டில் ஒட்டினோம். ஆட்டுப் புழுக்கையைப் பிரித்து, அதற்குள் வெள்வேல விதை இருப்பதைப் பார்த்தோம். அதை மண்ணில் போட்டால் நேராக மரத்தில் இருந்து விழுந்த விதையைவிடச் சீக்கிரம் முளைத்தது. "ஆடு மென்னு துப்புன பாடம்" என்று ஒரு பெண் நோட்டில் தலைப்பு எழுதியிருந்தாள். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் பத்தாவது முடித்ததும் கம்பெனி வேனில் ஏறப் போகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா?

பிள்ளைகள் போன பிறகும் நான் அங்கேயே இருந்துவிடுவேன். வேலமரத்து நிழலில் இரண்டு பேரும் சாப்பிடுவோம். அவருக்கு ஒரே மகள், கரூரில் வாக்கப்பட்டிருந்தாள். அவருக்கும் பகலெல்லாம் பேச ஆள் கிடையாது. கொள்ளுப் பருப்பும் சோளச் சோறும் எனக்கு முதலில் தொண்டையில் இறங்கவில்லை. பிறகு சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

என் அப்பாவும் காகிதமும்

விருது பற்றிய சுற்றறிக்கை பள்ளிக்கு வந்தது ஆடி மாதம். நாலு பக்க விண்ணப்பம். தலைமையாசிரியர் என்னைப் பார்த்து நீட்டினார்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் இருப்பதற்கு விரோதமாக ஓர் எழுத்து எழுத மாட்டார். பக்கத்து வீட்டுத் தாத்தா, அறுபது வருடம் தான் வைத்து வளர்த்த பனைகளுக்குச் சான்று கேட்டு வந்தபோது, "ஒம்ம பேரு சிட்டால இல்லியே ஓய், நா என்ன செய்ய?" என்று திருப்பி அனுப்பினார். அந்தத் தாத்தா அப்பாவிடம் பிறகு பேசவே இல்லை. அப்பா அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. நான் அப்போது அப்பாவைத் திட்டியிருக்கிறேன். ஆனால் ரத்தம் வேறு எங்கே போகும்?

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். முதல் கட்டத்தில், நிலம் யார் பெயரில் இருக்கிறது, சிட்டா நகல் இணைக்கவும் என்று இருந்தது. சிட்டா நாச்சிமுத்து அண்ணன் பெயரில். எழுதினேன். அடுத்த கட்டம்: நிலத்தை நடைமுறையில் பராமரிப்பவர் பெயர்.

பேனா அங்கே நின்றது உண்மை. "அக்கா, இதுல யார் பேரு எழுத?" என்று கேட்டேன்.

அவர் ஆட்டுக்குட்டியின் காலில் குத்திய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நானென்னத்தக் கண்டேன் அம்மிணி? உங்களுக்கு எது செரின்னு படுதோ எழுதுங்க" என்றார்.

இரண்டு கட்டத்தில் இரண்டு பெயர் இருந்தால் தள்ளிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. சிட்டா ஒருவர் பெயரில், பாடுபடுவது இன்னொருவர் என்றால் விளக்கம் கேட்பார்கள், கடிதம் போகும் வரும், கடைசித் தேதி தாண்டிவிடும். சொல்லிக்கொள்ளக் காரணங்கள் இவை. உள்ளே இருந்தது வேறு. அந்த விருது எனக்கு வேண்டியிருந்தது. என் படம் பேப்பரில் வர வேண்டும், சாத்தான்குளத்தில் நாலு பேர் பார்க்க வேண்டும், கல்யாணம் ஆகாமல் எங்கேயோ கிடக்கிறாள் என்று சொன்ன வாய்கள் கொஞ்சம் மூட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இரண்டாவது கட்டத்தில் "மேற்படி" என்று எழுதினேன். அப்பாவின் கையெழுத்துப் போலவே விழுந்தது.

ஒரு நிமிஷம்

ஐப்பசியில் விழா. மயிலாத்தாக்கா தன் மகளின் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். ஆடுகளைப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் விட்டிருந்தார். மண்டபத்துக்கு வருகிற வழியில் நொய்யல் பாலத்தின் மேல் வேன் நின்றது. கீழே தண்ணீர் ஊதா நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. "இந்த வாரம் ஊதா ஆர்டர் போலிருக்குதுங்க" என்றார் டிரைவர். வேனில் எல்லோரும் சிரித்தோம். விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேருக்குச் சாயப்பட்டறை இருந்தது என்று நான் எண்ணப் போவதில்லை. எனக்கு அந்தத் தகுதி இல்லை.

மேடையில் ஒவ்வொருவருக்கும் பேச ஒரு நிமிஷம் கொடுத்தார்கள். முதலில் நாச்சிமுத்து அண்ணன் மைக்கை வாங்கினார். "எனக்கென்னங்க தெரியும், எல்லாம் டீச்சரு பண்ணுனதுங்க" என்று சொல்லி மைக்கை என்னிடம் தள்ளிவிட்டார்.

அவர் எனக்கு வழி விட்டுக் கொடுத்தார் என்றே இப்போது நினைக்கிறேன். ஒரு நிமிஷம் தாராளமான நேரம். "இந்தக் காட்டைக் காப்பாற்றியவர் மயிலாத்தாள், அதோ அங்கே உட்கார்ந்திருக்கிறார்" என்று சொல்ல ஐந்து விநாடி போதும். அதைப் பேப்பரில் எழுதியும் வைத்திருந்தேன், கடைசி வரியாக.

தலைவருக்கு நன்றி சொன்னேன். செயலாளருக்குச் சொன்னேன். தலைமையாசிரியருக்குச் சொன்னேன். கடைசி வரிக்கு வந்தபோது, இதைச் சொன்னால் அப்படியானால் விண்ணப்பத்தில் ஏன் வேறு பெயர் என்று கேட்பார்களே என்று தோன்றியது. பேப்பரை மடித்துவிட்டேன். கைதட்டினார்கள்.

திரும்பும் வழியில் நான் மயிலாத்தாக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். ஏதாவது பேசுவார் என்று பார்த்தேன். பாதி வழி வந்த பிறகு, "பொழுது போயிருச்சு. ஆட்டுக்குத் தண்ணி காட்டுனாங்களோ என்னமோ" என்றார். இறங்கும்போது, "பாத்து எறங்குங்க டீச்சர்" என்று கை கொடுத்தார்.

டீச்சர் என்றார். அம்மிணி என்று சொல்லவில்லை. ஊரார் எல்லோரும் எனக்குக் கொடுத்த அதே மரியாதை.

புதிய உழவர்

பேப்பரில் படம் வந்தது. தம்பி போன் செய்து "யக்கா, ஒன் படத்தக் கடைல ஒட்டி வச்சிருக்காவ" என்றான். ஆசைப்பட்டது நடந்தது. இரண்டு நாள் சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கொறங்காட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கல்லூரிப் பிள்ளைகள், வெளியூர் விவசாயிகள், ஒரு தடவை ஒரு பஸ் நிறைய. வந்தவர்கள் எல்லோரும் கேடயத்தில் பெயர் இருந்தவரைத்தான் கேட்டார்கள். நாச்சிமுத்து அண்ணன் முதலில் கூச்சப்பட்டார். பிறகு சனிக்கிழமைகளில் லீவு போட்டார். பிறகு பேசவும் தொடங்கினார்.

அவரையும் குறை சொல்லிவிட முடியாது. கம்பெனியில் அவருக்குக் கீழே பழகிய பையன் அவருக்கு மேலே வந்துவிட்டிருந்தான். அங்கே யாரும் அவரை ஐயா என்று கூப்பிட்டதில்லை. இங்கே காலேஜ் பையன்கள் நோட்டை எடுத்துக்கொண்டு "ஐயா, சொல்லுங்க" என்று நிற்கிறார்கள். அந்தப் பசி என்னவென்று எனக்குத் தெரியும். நானும் அதே பசியில்தான் எழுதினேன். எங்கள் ஸ்டாப் ரூமில் ஒருவர் அவரைப் பற்றி "நோகாம நொங்கு திங்கறாரு" என்றார். எனக்கு அது என்னைச் சொன்னது போலவே இருந்தது.

மயிலாத்தாக்கா வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

கார்த்திகையில் அந்தப் பஸ் வந்த நாளில் நானும் போயிருந்தேன். மழை பெய்து, அடைத்திருந்த துண்டில் புல் முழங்கால் உயரம் நின்றது. கதிர் பால்பிடித்திருந்தது, பழுக்கவில்லை. வந்தவர்களில் கேமரா வைத்திருந்த ஒருவர், "ஐயா, பச்சையில ஆடு மேயற மாதிரி ஒரு படம் எடுத்துக்கலாங்களா?" என்று கேட்டார்.

"அதுக்கென்னுங்க" என்று நாச்சிமுத்து அண்ணன் படலைப் பிடித்து இழுத்தார்.

மயிலாத்தாக்கா டீத் தட்டோடு வந்துகொண்டிருந்தார். "ஏனுங்க, அது இன்னும்..." என்று ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு. வந்தவங்க முன்னால என்ன?" என்றார் அவர். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. முப்பது வருடத்தில் காட்டு விஷயமாக அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஆடுகள் உள்ளே பாய்ந்தன. கதிர்களைத்தான் முதலில் கடித்தன. படம் எடுத்தார்கள், கைகுலுக்கினார்கள், பஸ் ஏறினார்கள். மயிலாத்தாக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு ஆடுகளை விரட்டி வெளியே ஓட்டினார். என் பக்கம் வரவில்லை.

பொறுக்க முடியாமல் நான் நாச்சிமுத்து அண்ணனிடம் போனேன். "அண்ணே, நீங்க செஞ்சது தப்பு. அக்கா சொல்லாம அந்தத் துண்டத் தெறக்கக் கூடாதுல்லா?" என்றேன். கோபத்தில் எனக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

அவர் சிரித்தார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். "நீங்கதானுங்க டீச்சர் எழுதிக் குடுத்தீங்க, நாந்தான் காட்டப் பாக்கறேன்னு. படிச்சவங்க எழுதுனது பொய்யாப் போயிருமுங்களா?"

திருத்தம்

அன்றைக்கே சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். தவறு என்னுடையது, நிலத்தைப் பராமரித்தவர் மயிலாத்தாள், விருதுச் சான்றிதழை அவர் பெயருக்கு மாற்றித் தர வேண்டும் என்று ஒளிக்காமல் எழுதினேன். பொங்கல் கழிந்து ஒரு தபால் வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள். புதிதாக ஒரு சான்றிதழும் வைத்திருந்தார்கள், தங்க எழுத்தில். "சிறந்த உழவருக்குத் துணை நின்றமைக்காக, திருமதி நாச்சிமுத்து அவர்களுக்கு."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அதுதான். கிழித்துப் போட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றுமில்லாததற்கு இதாவது இருக்கட்டும் என்று அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். அவரோடு மறுபடி பேச ஒரு சாக்கு வேண்டியிருந்தது எனக்கு. மூன்று மாதமாகச் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன், அவர் "வாங்க டீச்சர்" என்பார், மோர் கொடுப்பார், அவ்வளவுதான்.

அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சான்றிதழை வாங்கினார். ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்தார். பிறகு பத்திரமாக என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அக்கா, எம்மேல கோவமா?" என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்லீங்க. வெசனந்தான்."

"பேரு மாறிப் போச்சேன்னா?"

"பேரு எனக்கு எப்பங்க இருந்துச்சு?" என்றார். "பேருக்கு நான் ஆசப்படவே இல்லீங்க டீச்சர். இந்தக் காட்டுக்குள்ள எஞ்சொல்லு ஒண்ணு செல்லுபடியாச்சு. அடைன்னா அடைப்பாங்க, தொறன்னாத் தொறப்பாங்க. ஊட்டுல வேற எதுலயும் எனக்கு அது இல்ல, இதுல மட்டும் இருந்துச்சு. அத எடுத்து நீங்க அவருகிட்டக் குடுத்துப்போட்டீங்க. இப்ப அவரு சொல்றாரு, நான் கேக்கறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முன்னால் அழுதது அதுதான் ஒரே தடவை. அவர் அழவில்லை. ஆட்டுக்குத் தண்ணீர் ஊற்றப் போக வேண்டும் என்பதுபோல் ஒரு கால் முன்னால் வைத்து நின்றார்.

"நா இப்ப என்னக்கா செய்யணும்? அண்ணங்கிட்ட மறுபடி பேசட்டுமா? பேப்பர்ல எழுதிப் போடட்டுமா? எதுனாலும் சொல்லுங்க, செய்யுதேன்."

"ஒண்ணும் செய்யாதீங்க டீச்சர்" என்றார், ரொம்பப் பொறுமையாக. "நீங்க எதாச்சும் செஞ்சாத்தானுங்க எனக்குப் பயமா இருக்குது."

அதன் பிறகு மூன்று வருடம் அந்த ஊரில் இருந்தேன். சனிக்கிழமை வகுப்பைப் பள்ளிக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். மாற்றலுக்கு எழுதிப்போட்டு, கிடைத்து, ஊருக்கு வந்துவிட்டேன். மயிலாத்தாக்கா என்னிடம் எத்தனையோ கொடுத்திருக்கிறார், பதிலுக்கு எதுவும் கேட்டதில்லை. அவர் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.